தாத்தாவுக்கு எந்தப் பூதக்கண்ணாடி?

எங்க தாத்தாவின் பெரிய மரக் கேமராவுக்குப் பின்னால் சொரசொரப்பான கண்ணாடி இருக்கு. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டால் உருவம் அதில் தலைகீழாகத் தெரியும். தெளிவா இருக்கான்னு பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்க்கணும். தாத்தாவுக்கு இப்போ கண் மங்கல். ஒரே ஒரு ஃபிலிம்தான் மிச்சம். அதில் ஆயாவை எடுக்கணுமாம்.

கடிகாரக் கடையில் ஒரு லென்ஸ், பள்ளி ஆய்வகத்தில் ஒன்று இரவல் வாங்கினேன். வெயிலைத் தாளில் புள்ளியாக விழவைத்து (லென்ஸ் வழியா சூரியனைப் பார்க்காதீங்க!) குவியத் தூரம் அளந்தேன். 2.5 செ.மீ., 5 செ.மீ. 25-ஐ அதனால் வகுத்தால் 10 மடங்கு, 5 மடங்கு.

10 மடங்குதான் நல்லதுன்னு நினைச்சேன். தப்பு! கண்ணாடியின் சொரசொரப்பே மணல் மாதிரி பெரிசாகி, ஆயா முகம் அதில் தொலைஞ்சு போச்சு. 5 மடங்கில் மூக்குத்திக் கல்லே தெரிந்தது. முதலில் அந்தச் சொரசொரப்பு தெளிவாத் தெரியும்படி லென்ஸை வைக்கணும். அப்புறம்தான் கேமராவை நகர்த்தணும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் படம் எடுக்கிறோம்.