சாவியை உள்ளே வைத்துப் பூட்டாதீர்கள்

ரூட்டர் முந்நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு கிளை அலுவலகத்தில் இருக்கிறது. நீங்கள் உங்கள் மேசையில். ஃபயர்வாலில் ஒரு ரூலை மாற்றி என்டர் தட்டுகிறீர்கள். திரை அப்படியே நின்றுவிடுகிறது. உள்ளே போக இருந்த ஒரே வழியை நீங்களே அடைத்துவிட்டீர்கள்.

நேர்காணலுக்கு வரும் புதியவர்களிடம் நான் கட்டளைகளை ஒப்பிக்கச் சொல்வதில்லை. “இணைப்பு அறுந்தால் எப்படித் திரும்பி உள்ளே போவீர்கள்?” என்றுதான் கேட்பேன். இதற்குப் பதில் வைத்திருப்பவரை நம்பி இரவு வேலையை ஒப்படைக்கலாம்.

சிஸ்கோ பெட்டி என்றால், மாற்றத்தைத் தொடங்கும் முன்பே ‘ரீலோட் இன் 10’ கொடுங்கள். நீங்கள் வெளியே மாட்டிக்கொண்டாலும் பத்தாவது நிமிடம் ரூட்டர் தானே ரீபூட் ஆகி, கடைசியாகச் சேமித்த அமைப்போடு எழுந்து வரும். எல்லாம் சரியாக இருந்தால் ‘ரீலோட் கேன்சல்’, அதற்குப் பிறகே சேவ். இந்த வரிசை பிசகக் கூடாது. சோதிக்கும் முன் சேவ் செய்தால், எழுந்து வருவதும் அதே கோளாறோடுதான் வரும். கேன்சல் செய்ய மறந்தால், நன்றாக ஓடிக்கொண்டிருந்த கிளை திடீரென்று நிற்கும்.

ஜூனிப்பரில் இது இன்னும் நேர்த்தி. ‘கமிட் கன்ஃபர்ம்ட்’ கொடுத்துவிட்டு 10 நிமிடத்துக்குள் மறுபடி ‘கமிட்’ கொடுக்காவிட்டால், ரீபூட் இல்லாமலே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். மைக்ரோடிக்கில் சேஃப் மோட், உபுண்டு சர்வரில் 120 விநாடி காத்திருக்கும் ‘நெட்பிளான் ட்ரை’. எந்தப் பெட்டி கைக்கு வந்தாலும் முதல் நாளே இந்த ஒரு கட்டளையைத் தேடிக் கற்றுவிடுங்கள்.

சோதிப்பதிலும் ஒரு பொறி உண்டு. ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்பை ஃபயர்வால் நினைவில் வைத்திருக்கும். புது ரூல் தவறாக இருந்தாலும் பழைய விண்டோ உயிரோடு இருக்கும். அதை நம்பி சேவ் செய்தவர்கள் மறுநாள் காலையில்தான் உண்மையை அறிவார்கள். பழைய விண்டோவை மூடாமல், இன்னொன்றைத் திறந்து புதிதாக லாகின் செய்து பாருங்கள். கட்டளையிலேயே இருக்கும் பொறியும் உண்டு. சிஸ்கோ ஸ்விட்ச்சில் ட்ரங்கில் புது வி-லேன் சேர்க்கும்போது ‘ஆட்’ என்ற சொல்லை விட்டுவிட்டால், பழைய பட்டியல் மொத்தமும் அழிந்து புதியது மட்டும் நிற்கும். ஆங்கிலத்தில் மூன்றே எழுத்து, ஒரு கட்டடமே இருண்டுபோகும்.

அடுத்தது தற்காலிக ரூல். வெண்டாருக்கு இரண்டு மணி நேரம் வேண்டும் என்று திறப்பார்கள். மூன்று வருடம் கழித்தும் அது திறந்தே கிடக்கும். யாருக்காகத் திறந்தது என்று தெரியாததால் யாரும் கை வைக்கத் துணிவதில்லை. லினக்ஸில் ஃபயர்வால்டி பயன்படுத்தினால் ரூலோடு ‘டைம்அவுட்’ சேர்த்துக் கொடுங்கள்; நேரம் முடிந்ததும் தானே விலகும். அந்த வசதி இல்லாத பெட்டியில், கேட்டவர் பெயர், டிக்கெட் எண், மூட வேண்டிய தேதி மூன்றையும் ரூலின் குறிப்பிலேயே எழுதுங்கள். எந்த ஐ.பி.யிலிருந்து வருவார்கள் என்று கேட்டு அதற்கு மட்டும் திறங்கள். ‘எனி’ என்று போடுவது சோம்பல்; அதை நான் மன்னிப்பதில்லை.

வெளியே மாட்டிக்கொள்வது பெரிய நிறுவனங்களுக்கும் நடக்கும். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக்கில் பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் பேக்போன் முழுவதையும் துண்டித்தது. தவறான கட்டளையைத் தடுக்க வேண்டிய கருவியிலும் ஒரு பிழை. அவசரத்துக்கென்று வைத்திருந்த தனி வழியும் கைகொடுக்கவில்லை. பொறியாளர்கள் நேரில் போய் நிற்க வேண்டியதாயிற்று; சேவை திரும்ப ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ஆகவே கன்சோலுக்குப் போகும் உங்கள் மாற்று வழி, நீங்கள் மாற்றப்போகும் அதே பெட்டி வழியாகப் போகிறதா என்று முதலில் பாருங்கள். போகிறதென்றால் சிம் கார்டு போட்ட தனி மோடம் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். அது கிடைக்கும்வரை, கிளையில் சாவி வைத்திருப்பவரின் கைபேசி எண்ணை வாங்கி, அன்று இரவு அவர் விழித்திருப்பாரா என்றும் கேட்டுவிடுங்கள்.