குண்டு படாத வீரருக்கும் ஊனப் பென்ஷன் உண்டு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களுக்குப் படைப்பணி புதிதன்று. பிரெஞ்சுப் படையில் பணியாற்றிப் பென்ஷன் பெற்ற ‘சொல்தா’க்களை நமது கிராமங்கள் நன்கு அறியும். இந்தியப் படையில் பணியாற்றித் திரும்பி, உழவும் கறவையுமாக வாழ்வோரும் நம்மிடையே உளர். இவர்களுள் சிலர் ரத்தக் கொதிப்பு, வலிப்பு, மனநோய் போன்ற நீடித்த நோய்களுடன் பணி நீங்கியோர். போரில் காயம் பட்டவருக்கே ஊனப் பென்ஷன் என்றெண்ணி அவர்கள் வாளாவிருந்துவிடுவதும் உண்டு. அவ்வெண்ணம் தவறாகும்.

விதி கூறுவது யாது?

படையில் சேரும்போது ஒருவர் நல்ல உடல்நிலையில் இருந்தார் என்றே 1982ஆம் ஆண்டு விதிகள் கொள்கின்றன. அப்போது குறிக்கப்படாத நோயினால் அவர் பின்னர் பணி நீக்கப்பட்டால், அது பணியினால் நேர்ந்ததாகவே கருதப்படும். சேரும்போது அந்நோயைக் கண்டறிந்திருக்க இயலாது என மருத்துவக் குழு கூறுமாயின், தக்க காரணங்களை எழுத வேண்டும். மெய்ப்பிக்கும் பொறுப்பு வீரருடையதன்று. ஐயம் எழுந்தால் அதன் பயன் அவரையே சாரும். பல்லைப் பார்த்து, நடையைப் பார்த்து மாட்டை வாங்கியவர், பல்லாண்டு உழுத பின் அது நொண்டினால், ‘வாங்கும்போதே நொண்டி’ என்று சொல்லலாகுமா? பிரான்சும் இத்தகைய கொள்கையை 1919 மார்ச் 31ஆம் நாள் சட்டத்திலேயே ஏற்றது.

ஒரு வழக்கு

தரம்வீர் சிங் என்பவர் 1985இல் படையில் சேர்ந்தார். வலிப்பு நோயினால் நூற்றுக்கு 20 ஊனம் எனக் கணிக்கப்பட்டு, 1994இல் அனுப்பப்பட்டார். நோய்க்கும் பணிக்கும் தொடர்பில்லை எனப் பென்ஷன் மறுக்கப்பட்டது. சேரும்போது நோய் குறிக்கப்படவில்லை. மருத்துவக் குழு காரணமும் கூறவில்லை. ஆகவே 2013 ஜூலை 2ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அவருக்குப் பென்ஷன் வழங்கத் தீர்ப்பளித்தது.

தொகை எவ்வளவு?

பொதுவாக ஊனம் நூற்றுக்கு 20க்குக் குறையலாகாது. முழு ஊனத்திற்கு இறுதி ஊதியத்தில் நூற்றுக்கு 30 பங்கு கணக்கிடப்படும். 20க்குக் குறையாமலும் 50க்குக் குறைவாகவும் உள்ள ஊனம் 50 எனவே கொள்ளப்படும். பணிக்காலம் முடித்து ஓய்வு பெற்றோருக்கும் இச்சலுகை உண்டென 2014இல் உச்ச நீதிமன்றம் ராம் அவதார் வழக்கில் உறுதி செய்தது. இறுதி ஊதியம் ரூ. 40,000 ஆயின், 20 ஊனமுள்ளவருக்கு மாதம் ரூ. 6,000 ஆகும். பணிக்காலத்திற்குரிய பென்ஷன் இதனின் வேறானது.

செய்ய வேண்டுவன

1. பணி விடுப்புப் புத்தகம், மருத்துவக் குழுவின் அறிக்கை, பென்ஷன் ஆணை, மறுப்பு ஆணை ஆகியவற்றைக் கரையானுக்கும் மழைக்கும் இரையாக்காமல் காத்து வைத்தல்.

2. மறுப்பு ஆணையில் காரணம் கூறப்பட்டுள்ளதா எனப் படித்துப் பார்த்தல்.

3. புதுச்சேரி முப்படை நலத்துறையை அணுகி, மேல்முறையீட்டுக்கு வழி கேட்டல். அதிலும் பயனில்லையெனில், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த படையினர் தீர்ப்பாயத்தின் சென்னைக் கிளை உள்ளது.

4. காலந்தாழ்த்தாமை. நெடுநாள் கழித்து வழக்குத் தொடுத்தவருக்கு நிலுவை மூன்றாண்டுக்கு மட்டுமே என 2008இல் தர்சேம் சிங் வழக்கில் வரையறுக்கப்பட்டது.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்பின் பணி நீங்கியோர் தங்கள் கோரிக்கையை அவ்விதிகளின்படி ஆராய்தல் வேண்டும்.

கிராமப் பணியில் ஈடுபட்ட அன்பர்கள் தத்தம் ஊரிலுள்ள முன்னாள் வீரர்களின் இல்லங்களுக்குச் சென்று, இக்காகிதங்களை ஒரு முறை பார்வையிட வேண்டுகிறோம். நாம் பெற்றுத் தர முயல்வது இரக்கத்தால் இடும் உதவியன்று; அவர்தம் உரிமையே.