மென்பொருள் அளந்த பிறகு: எஸ்டிமேட்டைக் கையால் முடிக்க முழுமையான வழிகாட்டி

பிளானை ஏற்றிய சில நிமிடங்களில் நீளமும் பரப்பும் வந்துவிடும். ஆனால் அந்தப் பிளானில் வரையாததை மென்பொருள் அளக்காது. கட்டட வேலைகளை அளப்பதற்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 1200 சொல்லும் கழிவு விதிகளையும், நாம் அமைத்துக் கொடுத்தாலொழிய, அது பின்பற்றாது. அந்த மிச்ச வேலையில்தான் பணம் இருக்கிறது.

1. ஸ்கேல் சரிதானா?

அளவு எழுதப்பட்ட நீளமான சுவர் ஒன்றைத் திரையில் அளந்து பாருங்கள். நீளம் 2 சதவீதம் பிசகினால் பரப்பு 4 சதவீதம் பிசகும். ஒத்துவராவிட்டால் மேலே போகாதீர்கள்.

2. இருமுறை ஏறியதைக் கழியுங்கள்

தளத்தை முழுப் பரப்புக்கும் கணக்கிட்டிருந்தால், பீமுக்குத் தளத்தின் அடியிலிருந்துதான் ஆழம். 230 × 450 மி.மீ. பீம், 120 மி.மீ. தளம் என்றால் எடுக்க வேண்டியது 330 மி.மீ. தவறினால் 4 மீட்டர் பீமில் 0.11 கன மீட்டர் கான்கிரீட் கூடுதலாக ஏறும்.

3. பூச்சு வேலையின் கழிவு

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சுவரின் இரு முகத்துக்கும் ஒரே பூச்சு என்று கொள்வோம். 0.5 ச.மீ. வரையான திறப்புக்குக் கழிவே இல்லை. அதற்கு மேல் 3 ச.மீ. வரை ஒரு முகத்துக்கு மட்டும் கழிவு. பக்கவாட்டுப் பூச்சைத் தனியாகக் கூட்டக் கூடாது. 3 ச.மீ.க்கு மேல் போனால் இரு முகத்திலும் கழித்து, பக்கவாட்டையும் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் கூட்ட வேண்டும்.

1 × 2.1 மீட்டர் கதவு 2.1 ச.மீ.; ஒரு முகம் மட்டும் கழியும். 3 × 2.4 மீட்டர் ஷட்டர் 7.2 ச.மீ.; இரு முகமும் கழியும். மென்பொருள் கதவுக்கும் இரு முகம் கழித்திருந்தால் ஒவ்வொரு கதவிலும் 2.1 ச.மீ. கூலி போய்விடும். கான்ட்ராக்டருக்கு இது சின்ன விஷயமல்ல.

4. செக்‌ஷன் படத்தைத் திறங்கள்

சன்ஷேடு, லாஃப்ட், கைப்பிடிச் சுவர், கழிவறையின் தாழ்தள நிரப்பல் ஆகியவை பிளானில் முழுமையாகத் தெரியாது. ஒவ்வொன்றாகச் சேருங்கள்.

5. கம்பி

மி.மீ.யில் உள்ள விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் எடை கிலோவில் கிடைக்கும், 16 மி.மீ. கம்பிக்கு 1.58. கம்பி பொதுவாக 12 மீட்டர் நீளத்தில் வருவதால், அதைவிட நீண்ட பீமில் லேப் நீளத்தையும் கூட்டுங்கள். கட்டுக்கம்பியைத் தனியாக அளக்க வேண்டாம். அது விலையிலேயே அடங்கும்.

6. தாளில் பதியுங்கள்

எண்ணிக்கை, நீளம், அகலம், உயரம், அளவு என்று கட்டம் போட்டு எழுதுங்கள். கழிவுகளுக்குத் தனி வரி கொடுங்கள். கணக்கில் ஏறிய ஒவ்வொரு பாகத்தையும் வரைபடத்தில் வண்ணப் பென்சிலால் தீட்டுங்கள். தீட்டாமல் மிஞ்சியவை இன்னும் கணக்கில் ஏறாதவை.