வெள்ளைப்படுதல்: வீட்டு வைத்தியம் எதுவரைக்கும்?



சேமிப்பு, சந்தா, கடன் வசூல் எல்லாம் முடிந்து, தீர்மான நோட்டில் கையெழுத்தும் போட்ட பிறகு, கூட்டம் கலைகிற நேரத்தில்தான் சிலர் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்கிறார்கள். "மேடம், ரொம்ப நாளா வெள்ளைப்படுது. ஏதாச்சும் நாட்டு மருந்து இருந்தா சொல்லுங்க." காசிமேட்டிலும் இதே கேள்விதான், திருவொற்றியூரிலும் எண்ணூர் குப்பங்களிலும் இதே கேள்விதான். கேட்கிற ஒவ்வொருவரும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைக்கிறார்கள். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான். படிக்கத் தெரிந்தவர் சத்தமாக வாசியுங்கள், மற்றவர்கள் கேளுங்கள். ஆம்பளைங்க இல்லாத நேரமாகப் பார்த்து வைத்துக்கொண்டால் கேள்வி கேட்க வசதியாக இருக்கும்.

இது நமக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. மகாராஷ்டிராவில் கட்சிரோலி என்ற காட்டு மாவட்டத்தில் டாக்டர் ராணி பங், அவர் கணவர் டாக்டர் அபய் பங் இருவரும் இரண்டு கிராமங்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989-ல் முடிவை வெளியிட்டார்கள். 100-க்கு 92 பேருக்குக் கர்ப்பப்பை, பெண்ணுறுப்பு சம்பந்தமான ஏதாவது ஒரு கோளாறு இருந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு முறையாவது டாக்டரிடம் உள் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100-க்கு 8 பேர்தான். மீதிப் பேர் எல்லோரும் பொறுத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறார்கள்.

இயற்கையானது எது?

"எலும்பு உருகி வெளியே போகுது, அதான் இடுப்பு வலி, உடம்பு இளைச்சுப் போச்சு" என்று நம்மில் பலர் நம்புகிறோம். எலும்பு உருகுவதில்லை. வாயில் உமிழ்நீர் ஊறுவது போல, கண்ணில் ஈரம் இருப்பது போல, பெண்ணுறுப்பின் உள்ளேயும் ஒரு ஈரம் ஊறிக்கொண்டே இருக்கும். தன்னைத் தானே கழுவிக்கொள்ள உடம்பு செய்கிற ஏற்பாடு அது. இரண்டு மாதவிலக்குக்கு நடுவில் முட்டையின் வெள்ளைக்கரு மாதிரி நூலாக வரும். மாதவிலக்கு வருவதற்கு முன்னால் கொஞ்சம் கெட்டியாக, வெள்ளையாக வரும். கர்ப்ப காலத்தில் அதிகமாக வரும். வாடை இல்லை, அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை, வயிற்று வலி இல்லை என்றால் இதற்கு மருந்தே வேண்டாம்.

அப்படியென்றால் அந்த அசதி எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் ரத்தசோகையிலிருந்து. 2019-21-ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தம் குறைவு. இன்னொரு காரணம் மனக்கவலை. கோவாவில் 2,494 பெண்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2005-ல் வெளிவந்தது. வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பலருக்குக் கிருமித் தொற்றே இல்லை. மனச்சோர்வும் கவலையும் உள்ளவர்களிடம்தான் இந்தப் புகார் அதிகம் இருந்தது. கடன், குடிக்கிற புருஷன், தூக்கமில்லாத ராத்திரி, இதையெல்லாம் வெளியே சொல்ல முடியாதபோது "வெள்ளைப்படுது" என்று சொல்கிறோம். அதுவும் உண்மையான கஷ்டம்தான். ஆனால் அதற்குக் கஷாயம் மருந்தல்ல. பேச ஆள் வேண்டும், ரத்தப் பரிசோதனை வேண்டும், கீரையும் இரும்புச்சத்து மாத்திரையும் வேண்டும்.

உள்ளே எதையும் வைக்காதீர்கள்

பாலில் ஒரு ஸ்பூன் மோர் விட்டு வைத்தால் காலையில் தயிராகி இருக்கிறதே, அந்த வேலையைச் செய்கிற கிருமிகளின் சொந்தக்காரக் கிருமிகள் நம் பெண்ணுறுப்பின் உள்ளே குடியிருக்கின்றன. அவை ஒரு புளிப்பை உண்டாக்குகின்றன. அந்தப் புளிப்பு இருக்கும்வரை கெட்ட கிருமி தலையெடுக்க முடியாது. சோப்பு, டெட்டால், படிகாரத் தண்ணி, எலுமிச்சைச் சாறு என்று விட்டு உள்ளே கழுவினால் இந்த நல்ல கிருமிகள்தான் முதலில் சாகும். "நான் தினமும் சுத்தமாக் கழுவுறேனே, எனக்கு ஏன் திரும்பத் திரும்ப வருது?" என்று கேட்பவர்களுக்குப் பதில் பெரும்பாலும் இதுதான்.

பூண்டுப் பல்லைத் துணியில் சுற்றி வைப்பது, மஞ்சளை அரைத்து உள்ளே தடவுவது, வேப்ப எண்ணெய் விடுவது எல்லாம் புண்ணாக்கும். தயிர் நல்லதுதான், ஆனால் அது சாப்பிடுவதற்கு. வெளிப்பக்கம் மட்டும் சாதாரணத் தண்ணியில் கழுவினால் போதும். மலம் கழித்தபின் முன்னாலிருந்து பின்னால் கழுவ வேண்டும். லாரி தண்ணிக்குக் குடத்தோடு நிற்கிற தெருக்களில் "நல்லாக் குளிங்க" என்று சொல்வது சுலபம், செய்வது கஷ்டம் என்று தெரியும். அதற்குச் சுத்தமான ஒரு சொம்புத் தண்ணி போதும்.

தண்ணியைவிட முக்கியம் ஈரம். மீன் விற்கிறவர்கள் ஐஸ் தண்ணி ஓடுகிற தரையில் விடியற்காலையிலிருந்து மதியம் வரை உட்கார்ந்திருக்கிறார்கள். கழிமுகத்தில் இறால் பிடிக்கிறவர்கள் இடுப்பளவுத் தண்ணியில் நிற்கிறார்கள். ஈரப் பாவாடையோடே நாள் முழுக்க இருந்தால் தொடை இடுக்கில் பூஞ்சை வரும், அரிக்கும். ஒரு மாற்றுப் பாவாடையும் பருத்தி உள்ளாடையும் பையில் வைத்திருங்கள். மாதவிலக்குத் துணியைப் புடவைக்கு அடியில் மறைத்துக் காயவைப்பதை விட்டுவிட்டு நல்ல வெயிலில் போடுங்கள். எண்ணூர் பக்கம் சாம்பல் தூசி படியாத இடமாகப் பார்த்துப் போட வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் கழிமுகத்துக்குள் வந்ததே, அந்த மாதிரித் தண்ணியில் இறங்க நேர்ந்தால் உடனே நல்ல தண்ணியில் கழுவி, துணி மாற்றிவிடுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியது

நீர்க்கடுப்புக்குத்தான் வீட்டு வைத்தியம் நன்றாகக் கைகொடுக்கும். நம் ஏரியாவில் இது ஏன் இவ்வளவு அதிகம்? சந்தையில், கம்பெனியில், ஏறி உட்காரும் வண்டியில், எங்கேயும் பெண்களுக்கு ஒழுங்கான கழிப்பறை இல்லை. அதனால் தண்ணியே குடிப்பதில்லை, வந்தாலும் அடக்கிக்கொள்கிறோம். பெண்களுக்குச் சிறுநீர் வருகிற குழாய் ரொம்பச் சின்னது, நாலு சென்டிமீட்டர்தான். கிருமி சுலபமாக மேலே ஏறிவிடும். தண்ணி நிறையக் குடித்து அடிக்கடி போனால் அது அடித்துக்கொண்டு வெளியேறும். பார்லிக் கஞ்சி, நீர்மோர், இளநீர், வெந்தயம் ஊறவைத்த தண்ணி, பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற சிறுபீளைக் கஷாயம் என்று நம் பாட்டிமார் கொடுத்ததில் நமக்கு நிச்சயமாக உதவுவது அதில் உள்ள தண்ணிதான். கிடைத்ததைக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் கஷாயமும் இளநீரும் வேண்டாம். சர்க்கரை உள்ளவர்கள் இளநீரை அளவோடு குடிக்கலாம்.

இரண்டு நாளில் கடுப்பு குறையவில்லை, குளிர்க்காய்ச்சல், முதுகுப் பக்கம் வலி, சிறுநீரில் ரத்தம் என்றால் அதோடு வீட்டு வைத்தியம் முடிந்தது. கர்ப்பிணிகள் இரண்டு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வெளிப்பக்க அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் லேசாகத் தடவலாம். மாதவிலக்கு வலிக்கு அடிவயிற்றில் வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், சுக்குக் காப்பி குடியுங்கள். இவை நிஜமாகவே கேட்கும்.

நிறமும் வாடையும் சொல்வது

திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக வந்து, தாங்க முடியாத அரிப்பு இருந்தால் அது பூஞ்சை. வருஷத்தில் மூணு நாலு தடவை வந்தால் சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். சர்க்கரை நோயை முதலில் காட்டிக்கொடுப்பது சிலருக்கு இந்த அரிப்புதான். சாம்பல் நிறத்தில் தண்ணியாக, மீன் கவிச்சி அடித்தால் நல்ல கிருமிகள் குறைந்துபோய்விட்டன என்று அர்த்தம். (மீன் விற்கிற அக்காக்கள் கோவிச்சுக்கக் கூடாது. கையில் அடித்தால் தொழில், இங்கே அடித்தால் நோய்.) மஞ்சள் அல்லது பச்சையாக நுரைத்துக்கொண்டு வந்தால் அது பெரும்பாலும் உடலுறவில் பரவும் கிருமி. இதற்குப் புருஷனும் சேர்ந்து மருந்து சாப்பிட வேண்டும். நாம் மட்டும் சாப்பிட்டால் போய்ப் போய் வரும். "அவர்கிட்ட எப்படிச் சொல்றது?" என்றால், டாக்டரையே சீட்டு எழுதி அவரை வரச் சொல்லுமாறு கேட்கலாம். இது யார்மேலும் பழி போடுகிற விஷயமில்லை, சில பேருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் கிருமி இருக்கும்.

அரசுத் திட்டத்தில் இதற்கெல்லாம் கலர் வைத்தே மருந்துப் பொட்டலம் பிரித்திருக்கிறார்கள். வெள்ளைப்படுதலுக்குப் பச்சைப் பொட்டலம். அதில் உள்ளது செக்னிடசோல், ஃப்ளுகோனசோல் மாத்திரைகள். காய்ச்சலோடு அடிவயிற்று வலி இருந்தால் மஞ்சள் பொட்டலம், அது கூடுதல் நாள் மருந்து. இலவசம். ஆனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்ததை வாங்கி விழுங்கக் கூடாது. கர்ப்பிணிக்கு மருந்தே வேறு.

கர்ப்பப்பையை எடுப்பதற்குக் கடனா?

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டும். "வெள்ளைப்படுது, கர்ப்பப்பையில புண்ணு, எடுத்துட்டா நிம்மதி" என்று சொல்லிக் குழுவில் கடன் மனு வருகிறது. மகாராஷ்டிராவில் பீட் மாவட்டத்தில் கரும்பு வெட்டப் போகிற பெண்கள் இப்படித்தான் கடன் வாங்கி ஆபரேஷன் செய்துகொண்டார்கள். அந்த மாவட்டத்தில் மட்டும் மூன்று ஆண்டுகளில் 4,605 பேருக்குக் கர்ப்பப்பை எடுக்கப்பட்டது என்று 2019-ல் அந்த மாநில அமைச்சரே சட்ட மேலவையில் சொன்னார். அதில் இளம் வயதுப் பெண்களும் உண்டு. தேவையில்லாத கர்ப்பப்பை ஆபரேஷன்களைத் தடுக்க எல்லா மாநிலங்களும் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

வெள்ளைப்படுதலில் பெரும்பகுதி கர்ப்பப்பைக்குக் கீழே உள்ள பாதையில் ஊறுவது. கர்ப்பப்பையை எடுத்தாலும் அது வரும். ஒரு வார மாத்திரையில் தீருகிற தொற்றுக்காக உறுப்பையே எடுக்க வேண்டுமா? சூலகத்தையும் சேர்த்து எடுத்துவிட்டால் 35 வயதிலேயே மாதவிலக்கு நின்ற உடம்பாகி, எலும்பு உண்மையாகவே தேய ஆரம்பிக்கும். ஊக்குநர்கள் கவனிக்க: இந்தக் காரணத்துக்குக் கடன் மனு வந்தால் மறுக்க வேண்டாம். ஆனால் முதலில் அரசு ஆஸ்பத்திரியில் இன்னொரு டாக்டரின் கருத்தை வாங்கி வரச் சொல்லுங்கள். பெரிய கட்டி, நிற்காத ரத்தப்போக்கு, புற்றுநோய் என்று உண்மையான காரணங்களும் உண்டு. அப்போது ஆபரேஷன் தேவைப்படலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

வாடையோடு ரத்தம் கலந்து வருவது, சேர்ந்திருந்த பிறகு ரத்தம் படுவது, மாதவிலக்கு நின்று ஒரு வருஷம் ஆன பிறகு திரும்ப ரத்தம் வருவது, இந்த மூன்றில் எது வந்தாலும் அந்த வாரமே போக வேண்டும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயா என்று பார்க்க வேண்டும். 30 வயது தாண்டியவர்கள் எந்தத் தொந்தரவும் இல்லாவிட்டாலும் ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். கர்ப்பப்பை வாயில் வினிகர் போன்ற திரவத்தைத் தொட்டு வைத்து ஒரு நிமிஷம் காத்திருப்பார்கள். வெள்ளைத் திட்டு தெரிந்தால் மேற்கொண்டு பார்ப்பார்கள். அவ்வளவுதான். இது பலன் தரும் என்று உலகத்துக்குக் காட்டியதே நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமத்துப் பெண்கள்தான். 2000-ல் தொடங்கி அவர்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2007-ல் வந்தது. பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட ஊர்களில் இந்தப் புற்றுநோயால் இறப்பது 35 சதவீதம் குறைந்திருந்தது.

போகும்போது

பக்கத்து நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே முதலில் போகலாம். பெரிய இடம் வேண்டுமானால் 1880-லிருந்து நம் பெண்களுக்குப் பிரசவம் பார்க்கிற ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். ஆஸ்பத்திரி இருக்கிறது, ஸ்டான்லி ஆஸ்பத்திரி இருக்கிறது. மாதவிலக்கு நாளில் போக வேண்டாம். "இப்படிப் போனா என்ன நினைப்பாங்க" என்று அன்று காலையில் சோப்புப் போட்டு உள்ளே கழுவிக்கொண்டு போகாதீர்கள். கழுவிவிட்டால் டாக்டருக்குப் பார்க்க எதுவும் இருக்காது. சிறுநீர் கழித்துவிட்டுப் போனால் பரிசோதனை வலிக்காது. பெண் டாக்டர் வேண்டும், மறைப்புத் துணி வேண்டும், கூட வந்தவர் நிற்க வேண்டும் என்று கேட்பது நம் உரிமை.

டாக்டரிடம் "உடம்பு சரியில்ல" என்று சொன்னால் காய்ச்சல் மாத்திரைதான் கிடைக்கும். எத்தனை நாளாக, என்ன கலர், வாடை உண்டா, அரிப்பு உண்டா, கடைசி மாதவிலக்கு எப்போது, சர்க்கரை உண்டா என்ற ஆறையும் சொல்லுங்கள். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால் வீட்டில் படிக்கிற மகளிடமோ ஊக்குநரிடமோ சொல்லி ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய் நீட்டிவிடுங்கள். போகலாமா வேண்டாமா என்று சந்தேகமாக இருந்தால் 104-க்குப் போன் செய்து கேட்கலாம்.