நஞ்சு ஒன்று, சொல் இரண்டு

நாகப்பாம்பும் பேத்தை மீனும் நச்சுத்தன்மை உடையவை. தமிழில் இரண்டையும் 'நச்சு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கின்றோம். ஆங்கிலத்திலோ பாம்பை 'வெனமஸ்' என்றும், மீனைப் 'பாய்சனஸ்' என்றும் வேறுபடுத்திக் கூறுவர். இவ்விரு பெயரடைகளின் வேறுபாட்டை ஈண்டுக் காண்போம்.

நஞ்சு உடலினுள் புகும் வழியே வேறுபாட்டிற்கு அடிப்படையாகும். கடித்தோ கொட்டியோ தன் நஞ்சைப் பிற உயிரின் உடலில் செலுத்துவது 'வெனமஸ்' எனப்படும். நாகப்பாம்பு, தேள், பூரான், குளவி ஆகியவை இவ்வகையின. உண்பதாலோ தொடுவதாலோ தீங்கு விளைப்பது 'பாய்சனஸ்' எனப்படும். நச்சுக்காளான், அரளி, மலாய் மொழியில் 'ஈக்கான் புந்தால்' எனப்படும் பேத்தை மீன் ஆகியவை இதற்குச் சான்றுகளாம். 'பாய்சன்' என்னும் சொல், பருகுதலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இதனை நினைவிற் கொண்டால் பொருள் மறவாது.

அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயரும் பாம்பைப் 'பாய்சனஸ்' என்பதுண்டு. எனினும் அறிவியல் பாடத்தில் வேறுபடுத்தி எழுதுவதே முறையாகும். இரு சொற்களுக்கும் உரிய உயிரும் ஒன்றுண்டு. ஜப்பானிய 'யமகாகாசி' என்னும் பாம்பு கடித்து நஞ்சைச் செலுத்தும். அதனோடு, தான் தின்ற தேரைகளின் நஞ்சையும் கழுத்துச் சுரப்பிகளில் சேர்த்து வைக்கும். இதனை 2007ஆம் ஆண்டில் ஆய்வாளர் எடுத்துக்காட்டினர்.

இவ்வேறுபாடு தேர்வுக்கு மட்டும் உரியதன்று. உயிர் காக்கவும் உதவுவது. பாம்பு கடித்தால் கடிபட்ட உறுப்பை அசைக்காது, உடனே மருத்துவமனைக்குச் செல்லல் வேண்டும். கடிவாயைக் கீறுதலும் வாயால் உறிஞ்சுதலும் கூடா. தேவையெனின், மருத்துவர் பாம்பின் வகைக்கேற்ற நஞ்சு முறிவு மருந்தை ஊசி வழியே செலுத்துவர். பேத்தை மீனின் நஞ்சோ சமைத்தாலும் அழியாது. அதனை உண்டவருக்கு உதடும் நாவும் மரத்துப்போகும்; பின்னர் மூச்சும் தடைப்படலாம். அதற்கென நஞ்சு முறிவு மருந்து இல்லாமையால், கருவியின் துணையால் மூச்சைக் காப்பர். ஆதலின், கடித்தது எது, உண்டது எது என்பதை மருத்துவரிடம் தெளிவாகக் கூறுதல் இன்றியமையாதது.

பயிற்சி: கீழ்க்கண்டவற்றிற்கு உரிய பெயரடையைக் கூறுக.
1. தேள்
2. காட்டில் முளைத்த நச்சுக்காளான்
3. கட்டுவிரியன்

விடை: 1. வெனமஸ் 2. பாய்சனஸ் 3. வெனமஸ்

சொல்லின் பொருளை அறிந்து வழங்குவோம்; அறிந்ததைப் பிறர்க்கும் உரைப்போம்.