மனநோயாளிக்கும் உடம்பு உண்டு

இம்மாதக் கிளை வகுப்பில் நாம் படிக்கப் போவது, தொற்றுநோய்க் காலத்தில் மனநோயாளிகளுக்கு வரும் ஆபத்தைப் பற்றி.

"கோவிட்தான் முடிஞ்சு போச்சே, இப்ப எதுக்கு இந்தப் பாடம்?" என்று கேட்பீர்கள். டிங்கியும் காசநோயும் இன்னும் முடியவில்லை. அடுத்த பெருந்தொற்று நம்மிடம் சொல்லிவிட்டு வரப்போவதும் இல்லை. மனநோய் உள்ளவர்கள் எங்கோ தொலைவில் இல்லை. பாலிங், கூப்பாங், கோல கெட்டில் என்று நம் லயங்களிலும் தாமான்களிலும்தான் இருக்கிறார்கள். தேசிய சுகாதாரக் கணக்கெடுப்பின்படி, 2019-இல் மலேசியப் பெரியவர்களில் 2.3 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு இருந்தது. 2023-இல் அது 4.6 விழுக்காடாக உயர்ந்தது.

1. என்ன நடந்தது?

2020 பிப்ரவரியில் தென்கொரியாவின் சோங்டோவில் உள்ள டேனாம் மருத்துவமனையில் கோவிட் புகுந்தது. அங்கே பூட்டி வைக்கப்பட்ட மனநலப் பிரிவில் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் தொற்று வந்தது. அந்த நாட்டில் கோவிட்டால் இறந்த முதல் மனிதர் அந்தப் பிரிவில் 20 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர். வெளியுலகத்தையே பார்க்காதவருக்கு வெளியிலிருந்து நோய் வந்தது. இதை நன்றாக மனத்தில் வையுங்கள்.

நியூயார்க்கில் அதே ஆண்டு கோவிட் கண்ட 7,348 பேரின் பதிவுகளை ஆராய்ந்தார்கள். மனச்சிதைவு நோய் உள்ளவர்கள் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிடச் சுமார் 2.7 மடங்கு இருந்தது. வயதுக்கு அடுத்த பெரிய ஆபத்து அதுவாகவே இருந்தது. 2021 அக்டோபரில் அமெரிக்க நோய்த் தடுப்பு மையம், மனச்சோர்வையும் மனச்சிதைவையும் கோவிட் கடுமையாகக் கூடிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

2. ஏன் இப்படி?

மனநோய் கிருமியை இழுத்து வருவதில்லை. காரணங்கள் வேறு.

முதலாவது, நெருக்கம். விடுதி, காப்பகம், சின்ன வீடு என்று பலர் ஒன்றாகப் படுக்கும் இடங்களில்தான் பலரும் வாழ்கிறார்கள்.

இரண்டாவது, உடம்பில் ஏற்கெனவே உள்ள நோய். சிகரெட் பழக்கம் இவர்களிடம் அதிகம். ஒலன்சபின் போன்ற சில மருந்துகள் உடல் எடையையும் சர்க்கரையையும் கூட்டும். சர்க்கரை கூடினால் கோவிட்டும் காசநோயும் கடுமையாகும்.

மூன்றாவது, சொல்லாமல் போகும் வலி. சிலர் காய்ச்சல் வந்தாலும் வாய் திறந்து சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் "அது அவனோட வியாதி, அப்படித்தான் பேசுவான்" என்று வீட்டார் தள்ளிவிடுவார்கள். கிளினிக்கிலும் சில சமயம் அப்படியே நடக்கும்.

நான்காவது, சிகிச்சை அறுந்து போவது. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. பாலிங்கிலிருந்து சுங்கை பட்டாணிக்கோ அலோர் ஸ்டாருக்கோ போய் மருந்து வாங்குபவருக்குச் சாலைத் தடுப்பைப் பார்த்தாலே பயம். மாத்திரை நின்றால் மனம் கலங்கும். மனம் கலங்கியவர் முகக்கவசத்தையும் இடைவெளியையும் எப்படி நினைவில் வைப்பார்?

3. நம் ஊரில்

2021-இல் தடுப்பூசியின் இரண்டாம் கட்டத்தில் மூத்தோர், நாட்பட்ட நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். ஓ.கே.யு. அட்டையில் மனநலம் சார்ந்த பிரிவும் உண்டு. ஆனால் வெட்கத்தால் பதியாமலே இருக்கும் குடும்பங்கள் நம்மிடம் நிறைய. அட்டை இல்லாதவருக்கு அந்த முன்னுரிமையும் இல்லை.

அந்தச் சமயத்தில் நானும் நண்பர்களும் ஒரு தோட்டத்தில் வீடு வீடாகப் போய் மைசெஜாத்ராவில் பெயர் பதிந்து கொடுத்தோம். ஒரு அம்மா, நாற்பது வயது மகனின் பெயரை மட்டும் சொல்லவில்லை. கேட்டதற்கு, "அவன் வெளியவே போறதில்லையே தம்பி, அவனுக்கு எதுக்கு ஊசி?" என்றார். "அம்மா, சின்னவர் தினமும் ஃபேக்டரிக்குப் போய் வர்றாரு இல்ல? அவரு கூடவே கிருமியும் வருமே" என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அடையாள அட்டையை எடுத்து வந்தார்.

ஊசி போட்ட பிறகு ஒரு நாள் அந்த அம்மாவைப் பார்த்தேன். "கை வலிக்குதும்மான்னு சொன்னான் தம்பி. அவன் வாயால உடம்பு வலின்னு கேட்டு எத்தனையோ வருஷமாச்சு" என்றார். உடம்பில் ஒன்று நடக்கிறது, அதைச் சொன்னால் கேட்க ஆள் இருக்கிறது என்று மகனும் உணர்ந்திருக்க வேண்டும்.

4. நாம் செய்ய வேண்டியவை

• மாத்திரையை நாமாக நிறுத்தச் சொல்லக் கூடாது. திருநீறும் வேண்டுதலும் இருக்கட்டும், மருந்தும் இருக்கட்டும்.

• குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போய் இரத்தம் பார்க்க வேண்டும். அந்த மருந்து சிலருக்கு வெள்ளை அணுக்களைக் குறைத்துவிடும்.

• லித்தியம் சாப்பிடுபவருக்கு டிங்கிக் காய்ச்சலோ வாந்திபேதியோ வந்து உடம்பில் நீர் குறைந்தால், இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறி நஞ்சாகலாம். தாமதம் வேண்டாம்.

• இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும்.

• கிளினிக்கில் கூடவே நின்று, "இவருக்கு வழக்கமா இப்படி இருக்காது" என்று மருத்துவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்த ஒரு சொல் உயிரைக் காக்கலாம்.

• "தஞ்சோங் ரம்புத்தான் கேஸ்" என்ற கிண்டலை நம் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். கேலிக்குப் பயந்துதான் குடும்பங்கள் கதவைச் சாத்துகின்றன. சாத்திய கதவுக்குள் ஊசியும் போகாது, மருத்துவரும் போக முடியாது.

• மன நெருக்கடியில் இருப்பவர் 15555 என்ற ஹீல் எண்ணில் பேசலாம்.

5. கலந்து பேச

அ. உங்கள் கிளை இருக்கும் இடத்தில் இப்படி மறைத்து வைக்கப்பட்ட வீடு உண்டா? பெயர் சொல்லாமல், அங்கே எப்படிப் போய்ப் பேசலாம் என்று யோசியுங்கள்.

ஆ. நாளைக்கே இன்னொரு தொற்று வந்து பாதை அடைபட்டால், அந்த வீட்டுக்கு ஒரு மாத மருந்தை யார் வாங்கி வருவது? இன்றே ஒருவரைப் பொறுப்பாக்குங்கள்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பொறுப்பாளரின் பெயர் கிளைக் குறிப்பேட்டில் இருக்கட்டும்.