நாம் எங்கே கையெழுத்துப் போட்டோம்?

அரசு வரி கேட்கிறது, கட்டுகிறோம். போலீஸ்காரர் கை காட்டினால் வண்டியை நிறுத்துகிறோம். ஏன்? இந்த அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுத்தது யார்?

இதற்கு விடை சொல்ல வந்ததுதான் 'சமூக ஒப்பந்தம்' என்ற கொள்கை. ஒப்பந்தம் நமக்குப் புதிதா என்ன? நம்ம அனுப்பர்பாளையம் பாத்திரப் பட்டறைகளில் கூலி ஒப்பந்தம் முடிந்தால், உற்பத்தியாளர்களும் தொழிற்சங்கங்களும் உட்கார்ந்து பேசிப் புதிது போடுகிறார்கள். அரசின் அதிகாரமும் ஓர் ஒப்பந்தத்தில் பிறந்ததே என்றனர் மூன்று அறிஞர்கள்.

ஹாப்ஸ் (1651): உயிர்ப் பயம் நீங்க, மக்கள் தங்கள் அதிகாரத்தை ஆள்பவனிடம் ஒப்படைத்தார்கள்.

லாக் (1689): உயிர், சுதந்திரம், உடைமை இவற்றைக் காக்கவே அரசு. தவறினால் மாற்றலாம்.

ரூசோ (1762): மக்கள் அனைவரின் பொது விருப்பமே சட்டம்.

"சரிங்க, நான் எப்ப கையெழுத்துப் போட்டேன்?" என்று நீங்கள் கேட்கலாம். 1748-ல் ஹியூம் என்ற அறிஞரும் இதையே கேட்டார். தூங்கும்போது கப்பலில் ஏற்றப்பட்டவன், கடலில் குதிக்காததால் மட்டும் கப்பல் தலைவனுக்குச் சம்மதம் தந்தவன் ஆவானா? நியாயமான கேள்வி!

விடையை நம் மண்ணிலேயே தேடுவோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு (கி.பி. 921) இருக்கிறது. 30 குடும்புகள் என்னும் வார்டுகள். ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொல்லி வாரிய உறுப்பினர்களைத் தேர்ந்தார்கள். முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்தில் சேராது; அவர் உறவினர் பெயரும் சேராது. எவ்வளவு அருமையான விதி!

ஆனால் ஒன்று. சொந்த நிலமும் வீடும் வேதக் கல்வியும் உள்ள, 35 முதல் 70 வயதுக்கு உட்பட்டவருக்கே அதில் இடம். எங்க வீட்டில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான். எங்க அப்பாரு பெயரோ அப்பத்தா பெயரோ அந்தக் குடத்தில் விழுந்திருக்காது. ஊரே கட்டுப்பட வேண்டும், ஆனால் சிலருக்கு மட்டுமே பங்கு என்றால் அது எப்படி முழு ஒப்பந்தம் ஆகும்?

அந்தக் குறையைத் தீர்த்தது 1950-ல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம். நிலம், படிப்பு, சாதி, ஆண், பெண் எதுவும் பார்க்காமல் வயது வந்த அனைவருக்கும் ஓட்டு. 21 ஆக இருந்த ஓட்டு வயது 1989-ல் 18 ஆனது. கம்பெனி முதலாளிக்கும் ஒரு ஓட்டு, எங்க அப்பத்தாவுக்கும் ஒரு ஓட்டு.

கணக்குக் கேட்கும் உரிமையும் இன்று நம் கையில். 2005-ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு எழுதினால் போதும்.

ஆகவே நண்பர்களே, அந்தக் கையெழுத்து என்றோ யாரோ போட்டு முடித்தது அல்ல. ஓட்டுப் போடும்போதும் கணக்குக் கேட்கும்போதும் நாமே போடுவது. பதினெட்டு முடிந்தவர்கள் வாக்காளர் பட்டியலில் உடனே பெயரைச் சேருங்கள்!